அது கழுகுக் குஞ்சு அல்ல, இளம் வைரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் படங்கள் பகுதியில், வீட்டுக் கொல்லை மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைக்குக் 'கழுகுக் குஞ்சு' என்று பெயர் போட்டிருந்தீர்கள். அது வைரி என்னும் சிறிய வேட்டைப் பறவை. வல்லூறு என்றும் சொல்வார்கள். கூட்டை விட்டு வெளிவந்து சில வாரங்களே ஆன இளம் பறவை. இதே தவறு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதால், இதைப் பிரித்தறியும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிறியதாக இருந்தால் குஞ்சு என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. வேட்டைப் பறவையின் குஞ்சு, கூட்டை விட்டுப் பறக்கும்போதே ஏறக்குறைய முழு உடல் அளவை எட்டியிருக்கும். வாலும் சிறகும் மட்டும் இன்னும் கொஞ்சம் வளர வேண்டியிருக்கும். வைரியே ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள, மாடப்புறா அளவுப் பறவைதான். பெண் ஆணைவிடப் பெரியது. எனவே அளவை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

வயதை மார்பில் பார்க்க வேண்டும். முதிர்ந்த வைரிக்கு முதுகு சாம்பல் நிறம்; மார்பில் செம்பழுப்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். இளம் பறவையின் முதுகு பழுப்பு. மார்பில் தீற்றல்கள் மேலிருந்து கீழாக இறங்கும். உற்றுப் பார்த்தால் அவை தொடர்ந்த கோடுகள் அல்ல; மேலே கூம்பி, கீழே பருத்து, சொட்டு வழிந்ததுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் பொட்டுகள். விலாப் பக்கம் வரும்போதுதான் குறுக்காகத் திரும்பும். உங்கள் படத்தில் தோள்பட்டை இறகுகளையும் பாருங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெளிறிய ஓரம் தேயாமல் பளிச்சென்று இருக்கிறது. எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்திருப்பதால் வரும் புதுமை அது. முதிர்ந்த பறவையிடம் பெரும்பாலும் தேய்ந்த இறகும் புது இறகும் கலந்திருக்கும்.

கண் நிறமும் உதவும். இளம் பறவைக்கு வெளிர் மஞ்சள், முதிர்ந்த பெண்ணுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள், முதிர்ந்த ஆணுக்குச் சிவப்பு. ஆனால் செல்பேசியில் பெரிதாக்கி எடுத்த படத்தில் கண் நிறத்தை நம்பாதீர்கள். மாலை வெயில் பட்டால் மஞ்சளும் ஆரஞ்சாகத் தெரியும்.

நன்கு தேர்ந்தவர்களையும் ஏமாற்றுவது வேறொரு பறவை: அக்காக்குயில். அது வேட்டைப் பறவையே அல்ல. உருவம், வால் பட்டை, சிறகடித்துச் சறுக்கும் பறப்பு எல்லாம் வைரியை அப்படியே ஒத்திருக்கும். இளம் அக்காக்குயிலுக்கு மார்பில் கீழ்நோக்கிய தீற்றல்கூட உண்டு. சிறு பறவைகள் அதைப் பார்த்தும் கூச்சலிட்டுச் சூழ்ந்துகொள்ளும் என்பதால், 'குருவிகள் விரட்டின, ஆகவே இது வைரி' என்று முடிவு கட்ட முடியாது. அலகையும் காலையும் பாருங்கள். வைரியின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே வளைந்து கொக்கிபோல் முடியும்; அலகின் அடியில் மூக்குத் துளையைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும். குயிலின் அலகு நீண்டு, லேசாக மட்டும் வளைந்திருக்கும், கொக்கி கிடையாது. வைரியின் காலில் மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே, கூரிய கருநகங்களுடன். குயிலுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. இரையைப் பிடிக்கும் நகம் கிடையாது. தவிட்டுக்குருவி அதற்கு இரை ஊட்டுவதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், குயில்தான். அந்தக் குருவிகளின் கூட்டில் முட்டையிடும் இனம் அது.

வேட்டைப் பறவைதான் என்று உறுதியான பிறகு, வைரியின் நெருங்கிய உறவினங்களைக் கவனிக்க வேண்டும். மலைக்காடுகளில் வாழும் பெஸ்ராவுக்குத் தொண்டை நடுவில் தடித்த கருங்கோடு ஒன்று இறங்கும். வைரிக்கு அது மெல்லியதாக, மங்கலாக இருக்கும். பெஸ்ராவின் வாலில் கரும்பட்டையும் இடைவெளியும் ஒரே அகலம்; வைரிக்குப் பட்டை குறுகல், இடைவெளி அகலம். பெஸ்ராவின் கால் ஒல்லி, நடுவிரல் நீளம். வைரியின் விரல்கள் குட்டை, தடிமன். குளிர்காலத்தில் வலசை வரும் ஐரோப்பிய ஸ்பேரோஹாக் ஒரு விதிவிலக்கு: அதன் இளம் பறவைக்கே மார்பில் குறுக்குக் கோடுதான் இருக்கும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் தெளிவாக இருந்தால் அதை நினைவில் கொள்ளுங்கள்.

பருந்துகளோடு குழப்பம் அதிகம் வராது. கரும்பருந்து உருவில் பெரியது, வால் நுனியில் பிளவு இருக்கும். கெஸ்ட்ரல் முதலான ராஜாளி இனங்களுக்குக் கண் கருமை, சிறகு கூர்மை. உட்கார்ந்திருக்கும் வைரியின் சிறகு நுனி வாலின் பாதி வரைதான் எட்டும். ஆனால் கூட்டை விட்டு இப்போதுதான் வெளியே வந்த குஞ்சுக்கு வால் குட்டையாக இருப்பதால் இந்த அளவுகோல் செல்லாது. இதை மறப்பவர்கள் பலர்.

கைபேசிச் செயலிகளில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: பழைய கையேடுகளில் வைரியின் அறிவியல் பெயர் அக்சிபிட்டர் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) இருக்கும். 2024 முதல் வெளியான பட்டியல்களில் டாக்கிஸ்பிசா என்று மாறியிருக்கிறது. பறவை ஒன்றுதான்.

இளம் பறவை தரையில் கிடந்தால் உடனே எடுத்து வளர்க்க முயலக் கூடாது. காயம் இல்லாமல், கண் தெளிவாக விழித்திருந்தால், பூனை எட்டாத கிளையில் உட்கார வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது உண்மையல்ல. தாய் வந்து ஊட்டும். தூக்கும்போது துணியால் தலையை மூடிச் சிறகோடு சேர்த்துப் பிடியுங்கள். வலியைத் தருவது அலகு அல்ல, நகம். காயம் இருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பால், சோறு, ரொட்டி எதுவும் கூடாது. எலும்பில்லாத இறைச்சியை மட்டும் பல நாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளைந்துவிடும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம்.

ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் படம் வெளியிடும்போது பறவையின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, காலையும் வால் நுனியையும் வெட்டிவிடாதீர்கள். படம் அனுப்புவோரிடம் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கூடவே எடுத்த மாதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் அச்சிட வேண்டாம். குஞ்சு திருடுவோருக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்