ஹஜ்ஜுப் பெருநாள் கட்டுரைகளில் வேறுபாடுகளும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம், இறைக்கட்டளைப்படி தம் மகனைப் பலியிட முன்வந்த இப்ராஹீம் நபியின் தியாகம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூவருக்கும் பொதுவானது என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நல்லிணக்கம் கருதியே அப்படிச் சொல்கிறார்கள். ஆயினும், மூன்று சமயத்தாரும் அந்த வரலாற்றை எப்படி ஓதுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

யூதரும் கிறிஸ்தவரும் வேதமாகக் கொள்ளும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில், பலியிட அழைத்துச் செல்லப்படுபவர் ஈசாக்கு. தந்தையின் எண்ணம் தெரியாத அவர், நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறார். யூதர்கள் இப்பகுதியைத் தங்கள் புத்தாண்டின் இரண்டாம் நாளில் வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்களோ, விறகைச் சுமந்து சென்ற அந்த மகனைச் சிலுவை சுமந்த இயேசுவின் முன்னடையாளமாகக் காண்கிறார்கள்.

குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் பலிக்குரிய மகனின் பெயர் சொல்லப்படவில்லை. தாம் கண்ட கனவை மகனிடம் கூறி, அவருடைய கருத்தைத் தந்தை கேட்கிறார். இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றுங்கள், என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள் என்று மகன் இசைகிறார். அவர் இஸ்மாயீல் என்பதே இன்று முஸ்லிம்களிடையே பெருவழக்கு என்றாலும், இஸ்ஹாக் (ஈசாக்கு) என்று கருதிய முற்கால விரிவுரையாளர்களும் உண்டு. 923இல் மறைந்த தபரி அவர்களுள் ஒருவர். பெயரைப் பற்றியே பலரும் வாதிடுகிறார்கள். எனக்கோ, மகனிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதுதான் பெரிய வேறுபாடாகப் படுகிறது. அதிலும், யூத விரிவுரை மரபில் ஈசாக்கு தம்மை இறுகக் கட்டும்படி தந்தையிடம் தாமே வேண்டுகிறார் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, மூல நூல்களில் விலகி நிற்கும் மரபுகள் விளக்கங்களில் நெருங்கி வருவது தெரிகிறது.

நம் சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் இருந்துவரும் மகேன் அபோத் யூத ஆலயமும், பென்கூலன் பள்ளிவாசலும், தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் ஆஃபிர் ரோடு லூர்து அன்னை தேவாலயமும் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளன. எனவே, அடுத்த பெருநாளையொட்டி இவ்விரு வேதப் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டு, அந்தந்தச் சமய அறிஞரையே விளக்கம் எழுதச் சொல்லலாம். பெருநாள் சமையல் குறிப்புகளுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி இதற்குப் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிங்கப்பூர்