கையெழுத்திடும் முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதைப் படித்த பிறகுதான் மற்றவற்றில் மனம் சென்றது. இங்கே எல்லோரும் நலம்.

உன் தொண்டு அமைப்புக்கு அரசு தரும் மானியத்தின் ஒப்பந்தத்தில் "அரசின் கொள்கைகளை விமர்சிக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, கையெழுத்திடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாள் யோசித்தேன். அப்படியே கையெழுத்திடாதே. மானியத்தையும் உதறிவிடாதே. அந்த வரியை எடுக்கச் சொல்லி வாதாடு.

நான் முன்பு வேலை பார்த்த அமைப்பில் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. உதவித்தொகை மறுக்கப்பட்ட முதியவர்களை ஓராண்டு தேடித்தேடிச் சந்தித்து அறிக்கை தயாரித்தோம். மானியம் புதுப்பிக்கப்படும் மாதம் அது. யாரும் எங்களை மிரட்டவில்லை. நாங்களாகவே "இப்போது வேண்டாம்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மறு வருடம் எடுத்துப் பார்த்தபோது எங்களிடம் பேசியவர்களில் இருவர் உயிரோடு இல்லை. இன்றும் உறுத்துகிறது. எழுதப்படாத பயமே அவ்வளவு செய்யும் என்றால், எழுதிக் கையெழுத்திட்ட தடை என்ன செய்யாது?

"அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு அரசையே குறை சொல்வதா?" என்று உன் நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டாராமே. தொழிலதிபர்கள் சந்தா கட்டிச் சங்கம் வைத்து அமைச்சர்களைப் பார்க்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் வீடில்லாதவரும் எந்தச் சந்தாவைக் கட்டுவார்கள்? அவர்கள் பேச்சும் சட்டம் செய்பவர்கள் காதில் விழ வேண்டுமானால் பொதுப்பணம்தான் வழி. மேலும், ஒரு திட்டம் எங்கே ஓட்டையாகிறது என்பது மனு நிராகரிக்கப்பட்டு நம் வாசலுக்கு வருபவருக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தக் குழு உறுப்பினரிடம் இதையும் சொல். ஆஸ்திரேலியாவில் 2013-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள்: லாப நோக்கற்ற அமைப்புகள் கொள்கையைப் பற்றிப் பேசுவதைத் தடுக்கும் பிரிவு மத்திய அரசின் ஒப்பந்தங்களில் இருக்கக் கூடாது. பிரிட்டனில் 2016 பிப்ரவரியில் மானிய ஒப்பந்தங்களில் இத்தகைய தடையைச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். தொண்டு அமைப்புகள் கொதித்தெழ, நடைமுறைக்கு வரும் முன்பே நிறுத்திவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க வழக்கு. ஏழைகளுக்கான சட்ட உதவிக்கு அங்கே அரசு நிதி உண்டு. அந்த நிதியில் இயங்கும் வழக்கறிஞர் கட்சிக்காரருக்கு நலத்தொகை கேட்டு வாதாடலாம், ஆனால் நலத்தொகைச் சட்டமே தவறு என்று சொல்லக் கூடாது என்றிருந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், அந்தத் தடையை ரத்து செய்தது.

"இந்த நிதியைக் கட்சி அரசியலுக்குச் செலவிட மாட்டோம்" என்று எழுதித் தரலாம். அது நியாயமான நிபந்தனை, ஒப்புக்கொள். கணக்கையும் வரிக்கு வரி காட்டு. மாற்று வாசகம் ஒன்றை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குழுக் கூட்டம் என்றைக்கு என்று எழுது, வேண்டுமானால் நானும் வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
பழைய நண்பன்