எல்ஈடி மின்னினால் போதாது: விஞ்ஞானக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ் மாவட்டப் பாடசாலைக் கண்காட்சிகளின் மதிப்புக்குரிய நடுவர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். இதயத்துடிப்பிலேயே இயங்கும் பேஸ்மேக்கர் (மின் தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி) என்று பிள்ளைகள் செய்யும் மாதிரிகளைப் பற்றி எழுதுகிறோம். பற்றரி இல்லாமல் அதை இயக்கலாமா என்று அவர்கள் எடுத்த கேள்வி மிக நல்லது. பேஸ்மேக்கரின் பற்றரியை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடியாது. அது இறங்கியதும் நெஞ்சுத் தோலைத் திரும்பக் கீறி முழுப் பெட்டியையும் மாற்றவேண்டும். கீறும் ஒவ்வொரு முறையும் கிருமித்தொற்று அபாயம் உண்டு. ஆனால், பீசோத் தட்டை (வளைத்தால் மின் தரும் பீங்கான் தட்டு) விரலால் தட்ட எல்ஈடி மின்னுவதைப் பார்த்துப் புள்ளி போடாதீர்கள். அங்கே தெரிவது விரலின் பலம்தான்.

துடிப்பொன்றுக்கு எத்தனை மைக்ரோயூல் சக்தி (ஒரு யூலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோயூல்) கிடைக்கிறது என்று கேளுங்கள். 2.5 வோல்ற்றில் 0.4 மில்லிசெக்கன் நேரம் 500 ஓம் தடைக்கூடாகத் தூண்டினால் 5 மைக்ரோயூல் செலவாகும். நிமிடத்துக்கு 60 தூண்டல் என்றால் 5 மைக்ரோவாற்று. இதயத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் சுற்றின் செலவு இதைவிட மேலதிகமாக வரும்.

இதை அளக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. 27 மில்லிமீற்றர் பீசோத் தட்டு ஒன்று, பால (பிரிட்ஜ்) அமைப்பில் நான்கு 1என்4148 இருவாயிகள் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டுகள்), மின்னைச் சேர்த்துவைக்க 10 மைக்ரோபரட் பொலியெஸ்டர் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்று. சிறு மோட்டரில் மையம் விலகிய சில்லைப் பூட்டி, நிமிடத்துக்கு 60 தடவை தட்டை மெல்ல வளைக்கச் செய்யுங்கள். கூட வளைத்தால் பீங்கான் வெடிக்கும். ஐந்து நிமிடத்தில் 3 வோல்ற்று ஏறியிருந்தால் சேர்ந்தது 45 மைக்ரோயூல். 300 துடிப்புக்குப் பிரித்தால் துடிப்புக்கு 0.15. இந்த இலக்கம் சுவரொட்டியில் இருந்தால் தாராளமாகப் புள்ளி போடுங்கள், எவ்வளவு சிறிதாக இருந்தாலும்.

அளவீடு பிழைக்கும் இடங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்தத் தட்டின் கொள்ளளவம் 20 நானோபரட் அளவு. செக்கனுக்கு ஒரு தடவை (ஒரு ஹேட்ஸ்) வளையும்போது அது மின்னுக்குக் காட்டும் மறிப்பு ஏறத்தாழ 8 மெகா ஓம். எனவே மிகச் சிறிய ஒழுக்கும் கணக்கைக் கெடுத்துவிடும். மின்பகு (எலெக்ட்ரோலிற்றிக்) கொள்ளளவியில் 3 மைக்ரோஅம்பியர் வரை ஒழுகலாம், அதாவது வருவதைவிடப் போவது கூட. மின் கடக்கும்போது இழக்கும் வோல்ற்று (முன்முக வீழ்ச்சி) குறைவென்று ஷொட்கி என்ற வகை இருவாயியை வாங்குவார்கள், ஆனால் அதில் எதிர்த்திசையில் ஒழுகுவது (பின்முக ஒழுக்கு) அதிகம். பல்மானியை (மல்ரிமீற்றரை) தொடர்ந்து பிடித்தபடி இருக்கக்கூடாது: அதன் 10 மெகா ஓம் உள்தடை, 10 மைக்ரோபரட் கொள்ளளவியின் வோல்ற்றை 100 செக்கனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு இறக்கிவிடும். கடைசியில் ஒருமுறை தொட்டு, உடனே எழுதிக்கொள்ளவேண்டும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் சுற்றுப்பலகையே ஒழுகும்; ஈயப்பற்று வைத்த இடத்தைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிடுங்கள்.

2019இல் வெளியான ஆய்வொன்றில் உராய்வு மின் முறைக் கருவி பன்றியின் உடலில் துடிப்பொன்றுக்கு 0.495 மைக்ரோயூல் வரை சேகரித்தது. தூண்டலுக்கு வேண்டிய குறைந்தபட்சமாக அதிலே காட்டப்பட்டது 0.377. நாங்கள் மேலே சொன்ன 5 மைக்ரோயூல், பாதுகாப்புக்காக விடும் இடைவெளியும் சேர்ந்தது. சேகரிப்பதற்கும் அந்த 5 மைக்ரோயூலுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படி நிரப்புவது என்பதே பிள்ளைகள் யோசிக்கவேண்டிய இடம்.

அதோடு இதயம் நின்றால் சேகரிப்பும் நிற்கும், பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். சேமிப்பு இல்லாத மாதிரியை ஏற்காதீர்கள். உடம்பு கருவியைச் சுற்றி நார்த்திசுவால் மூடி அசைவைக் குறைக்கும் என்பதையும், நிமிடத்துக்கு 70 துடிப்பென்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் தடவை வளையவேண்டும் என்பதையும் கேட்டுப்பாருங்கள்.

வழமையான பீசோப் பீங்கானின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். அராவவோ உடைக்கவோ விடாதீர்கள். தொட்டால் கை கழுவவேண்டும்.

கண்காட்சிக்குப் பேஸ்மேக்கர் வைத்த அப்பப்பாமாரும் அம்மம்மாமாரும் வருவார்கள். அவர்களுக்கு வைத்திருப்பவை இலிதியம் பற்றரியில் ஓடுபவை. "இது பரிசோதனை மாதிரி, உங்கள் பேஸ்மேக்கர் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்" என்ற வரியை ஒவ்வொரு சுவரொட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதவையுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ இலத்திரனியல் துறையில் பணிபுரிவோர்
யாழ்ப்பாணம்