மரக்கன்று நடும் முன் மேல்மண்ணைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் எங்கள் ஊரை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கில் மூன்று ஆண்டுகளுக்கு முன் மரக்கன்றுகள் நடப்பட்டன. சீமைக் கருவேலையும் உண்ணிச்செடியையும் அகற்ற வந்த பொக்லைன், அவற்றோடு ஒரு சாண் மேல்மண்ணையும் வழித்து ஓரத்தில் கரையாகக் குவித்துவிட்டது. அந்தத் தரையில் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் அடுத்த கோடையைத் தாண்டவில்லை. இயந்திரம் ஏற முடியாத பாறை ஓரத்திலோ, கருவேலை மட்டும் ஆட்களைக் கொண்டு வெட்டி, ஆடு நுழையாதபடி ஊரார் முள் அடைத்தோம். ஐப்பசி மழைக்குப் பின் அங்கே கொழுஞ்சியும் ஆவாரையும் வெள்வேலும் யாரும் விதைக்காமலேயே முளைத்தன. இன்று அவை இடுப்பளவு நிற்கின்றன.

மண்ணுக்குள் உயிரோடு உறங்கும் இந்த விதை இருப்பைத் தாவரவியலார் மண் விதை வங்கி என்கின்றனர். குளத்துச் சேற்றில் மூன்று மேசைக்கரண்டி அளவு எடுத்து ஆறு மாதம் வைத்திருந்த சார்லஸ் டார்வின், அதிலிருந்து முளைத்த 537 செடிகளை எண்ணினார். அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879-இல் மணலோடு கலந்து புட்டிகளில் புதைத்த விதைகளுள் ஒரு சில, 142 ஆண்டுகள் கழித்து 2021-இல் தோண்டி எடுத்தபோதும் முளைத்தன. எல்லா விதைகளும் இவ்வாறு காத்திருப்பதில்லை என்பதையும் அதே சோதனை காட்டியது. பெரும்பாலான இனங்கள் முன்பே உயிரிழந்திருந்தன.

இந்த வேறுபாடுதான் நம் மாவட்டத்துக்கு முக்கியமானது. ஆவாரை, கொன்றை, வாகை, வேல் வகைகளின் விதைகளுக்கு நீர் புகாத கெட்டித் தோல் உண்டு. நாற்றங்காலில் அவற்றை வெந்நீரில் ஊறவைத்து விதைப்பது இதனால்தான். காட்டில் வெயிலும் தீயும் ஆடுமாடுகளின் வயிறும் அந்தத் தோலை இளக்கும் வரை அவை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வேம்பும் நாவலும் அப்படியல்ல. உதிர்ந்த சில வாரங்களிலேயே அவற்றின் விதைகள் முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். ஆகவே கன்று நடுவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண் தானாகத் தரக்கூடியதை அதனிடமே விட்டு, தர முடியாததை மட்டும் நட வேண்டும் என்கிறேன். புல்லையும் புதரையும் சுரண்டிவிட்டு அதே இடத்தில் மூன்றடிக் கன்றை நட்டு, லாரியில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற முயல்வது பணத்துக்கும் உழைப்புக்கும் கேடு.

வேண்டாத செடிகளின் விதைகளும் இதே வங்கியில்தான் இருக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை. உண்ணிச்செடியை ஒருமுறை வெட்டிவிட்டு வேலை முடிந்ததெனத் திரும்பினால், அடுத்த மழையிலேயே அதன் நாற்றுகள் தரையை மூடிவிடும். தொடர்ந்து சில ஆண்டுகளாவது மழைக்குப் பின் ஆட்கள் சென்று, ஈரம் காயும் முன் அவற்றை வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கான கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

விதைகளில் பெரும்பகுதி மேலே உள்ள நான்கு விரற்கடை மண்ணில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் குவாரிகளில் முதலில் அகற்றப்படுவது இந்த மண்ணே. அதை உயரமான மேடாக ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்தால், ஈரத்தாலும் காற்றோட்டமின்மையாலும் விதைகள் அழிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் சுரங்கங்களில், ஓரிடத்தில் எடுத்த மேல்மண்ணைக் கூடியவரை உடனடியாக, வெட்டி முடித்த மற்றோரிடத்தில் பரப்பிக் காட்டை மீட்கின்றனர். இங்கும் குவாரி உரிமம் வழங்கும்போது இதை நிபந்தனையாக்கலாம்.

தமிழகத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டது. அதன் பெயரில் எந்த நிலத்தில் குழி தோண்டுவதாக இருந்தாலும், கோடையிலேயே பல இடங்களில் மேல்மண்ணை எடுத்து, தட்டுகளில் மணல் மீது மெல்லப் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து, முளைப்பவற்றை இனம் பிரித்து எண்ண வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டுதலோடு நம் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களே செய்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்களும் வனத்துறையும் வரும் பருவத்துக்கு முன் ஒரு புறம்போக்கிலாவது இச்சோதனையை நடத்தி, அந்தப் பட்டியலைப் பார்த்த பின்னரே கன்றுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.