சத்துணவுப் பட்டியலில் கூட்டாஞ்சோற்றுக்கும் ஒரு நாள் கொடுங்கள்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அதிகாரிகளுக்கும், பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுப் பட்டியலை முடிவு செய்யும் எல்லோருக்கும் வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். மதியம் எங்கள் பள்ளியில் தொண்ணூறு பிள்ளைகள் வரை சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் காய்கறி போதவில்லை. அதைச் சொல்லவும், அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே அண்டாவில் சேர்த்து ஆக்கும் எங்கள் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றை உங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும்தான் இந்த மடல்.

காமராஜர் காலத்து மதிய உணவில் படித்தவர் என் அப்பா. 1982-ல் வந்த சத்துணவுத் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர். இன்றைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. 2022 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாத வீடுகளில் பிள்ளைகளின் வயிறு காயாமல் இருப்பதற்கு இந்தத் திட்டங்கள்தான் காரணம். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. தொண்ணூறு பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டால் தினமும் நாலரைக் கிலோ காய்கறி அண்டாவுக்குள் போக வேண்டும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசுக் கிடங்கிலிருந்து எடை போட்டு வந்துவிடுகின்றன. காய்கறியை மட்டும் கையில் கொடுக்கும் காசுக்குச் சந்தையில் வாங்க வேண்டும். தக்காளி விலை ஏறிவிட்டால் அந்தக் காசு கட்டுப்படியாவதில்லை. அப்புறம் என்ன செய்வார்கள்? சாம்பாரில் நாலு முள்ளங்கித் துண்டு மிதக்கும். காய்கறி சாதம் என்று பட்டியலில் இருக்கும் நாளில் மஞ்சள் சோற்றுக்குள் கேரட்டைத் தேட வேண்டியிருக்கும். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. அந்தச் சந்தையைச் சுற்றியிருக்கிற ஊர்களின் பிள்ளைகள் தட்டிலேயே இந்த நிலை என்றால் மனசு கேட்கவில்லை.

சமைக்கும் அக்காமாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆள் குறைந்த மையங்களில், கணக்கையும் பொருளையும் பார்த்துக்கொள்ளும் சத்துணவு அமைப்பாளரே அடுப்படியிலும் நிற்கிறார். கீரை ஆய நேரம் இல்லை என்று அவர்கள் சொன்னால் அது உண்மை. ஒரு கட்டு அரைக்கீரையை வேர் நறுக்கி, பழுத்த இலை கிள்ளி, மண் போக மூன்று தண்ணீரில் அலசி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது வீட்டில் செய்கிறவர்களுக்குத் தெரியும். தொண்ணூறு பேருக்கு அதையே செய்யச் சொன்னால் காலை முழுதும் அதிலேயே போய்விடும். அதனால்தான் கீரை சாதம் பட்டியலில் இருந்தும் தட்டுக்கு வருவது அபூர்வம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. அந்தக் குழந்தைகள்தான் இப்போது உங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் சும்மா இருக்கவில்லை. அரிசியில் இரும்புச்சத்து சேர்த்துச் செறிவூட்டித் தருகிறீர்கள், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை எல்லாம் வருகின்றன. ஆனால் அரிசியிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேர்வதற்கு வைட்டமின் சி கூட இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தானியத்திலும் பருப்பிலும் இருக்கிற பைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பைப் பெரும்பகுதி பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ, சோற்றில் பிழிந்த அரை மூடி எலுமிச்சையோ இருந்தால் நிலைமை மாறும். இரும்புக்கு இவ்வளவு செலவழிக்கும் அரசு எலுமிச்சம்பழத்தில் கணக்குப் பார்க்கலாமா?

எலுமிச்சை சாதம் பட்டியலில் இருக்கிறதே என்பீர்கள். அடுப்பில் கொதிக்கிற தாளிப்பிலேயே சாற்றை ஊற்றினால் வைட்டமின் சி கணிசமாகப் போய்விடும். சோற்றை இறக்கி, சூடு தணிந்த பிறகு பிழிந்து கிளற வேண்டும். கூடுதல் செலவு இல்லாத வேலை இது. ஒரு நாள் பயிற்சியில் சொல்லிவிடலாம். காயை நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கீரை பச்சையாக இருப்பதற்காக ஆப்பசோடா போடக் கூடாது என்பதையும் அதே பயிற்சியில் சொல்லுங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ பொடிகளும் பானங்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. கொண்டுவரவும் வேண்டாம். எந்த ஒரு காயையும் தின்றுவிட்டு இனிக் காய்ச்சலே வராது என்று யாரும் சொல்ல முடியாது. தடுப்பூசியின் வேலையைக் கீரை செய்யாது. ஆனால் மூக்கு, தொண்டை, குடல் இவற்றின் உள்பக்கத் தோல் உறுதியாக இருக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்த குழந்தைகளைத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கடுமையாகத் தாக்கும். கிருமியோடு போராடும் அணுக்கள் உண்டாகப் புரதமும் துத்தநாகமும் வேண்டும். இவையெல்லாம் பருப்பிலும் முட்டையிலும் கீரையிலும் மஞ்சள் நிறக் காய்களிலும் கிடைக்கின்றன. ஒரே நாளில் நிறையத் தின்று தீர்த்துக்கொள்ள முடியாது. அன்றாடம் கொஞ்சம் வயிற்றுக்குள் போக வேண்டும்.

அதனால்தான் கூட்டாஞ்சோறு கேட்கிறேன். நெல்லைச் சீமையில் இதைத் தெரியாத வீடு கிடையாது. சென்னையில் இருந்து பட்டியல் போடுகிறவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் செய்முறையைச் சொல்கிறேன். துவரம்பருப்பை மஞ்சள் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து, அதிலேயே அரிசியைப் போட வேண்டும். அரிசி பாதி வெந்ததும் முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), கத்தரிக்காய், கேரட் என்று அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அதை நறுக்கிச் சேர்க்கலாம். மாங்காய்க் காலமாக இருந்தால் மாங்காயும் உண்டு. காய் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் விட வேண்டும். முதலிலேயே விட்டால் காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, கடைசியில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைத் தூவிக் கிளறி மூடிவிட்டால் அந்த ஆவியிலேயே கீரை வெந்துவிடும். தேங்காயெண்ணெயில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டும்போது வருகிற வாசனைக்கு, காய் வேண்டாம் என்று ஒதுக்குகிற பிள்ளையும் தட்டை நீட்டும். என் மகள் வீட்டில் கத்தரிக்காயைத் தொடமாட்டாள். கூட்டாஞ்சோற்றில் அது குழைந்து சோற்றோடு சேர்ந்துவிடுவதால் கேட்காமல் சாப்பிடுகிறாள்.

சமைக்கிறவர்களுக்கும் இது சுலபம். ஒரே அண்டா, ஒரே அடுப்பு. தனியாகச் சாம்பார் வைத்து, தனியாகப் பொரியல் செய்ய வேண்டியதில்லை. முருங்கைக்கீரையில் அரைக்கீரை போல மண் இருக்காது. மரத்திலிருந்து ஒடித்த கொப்பை முந்தின நாள் சாயங்காலம் துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை உதிர்ந்துவிடும். பூச்சி, பழுப்பு பார்த்து அலசினால் போதும். ஒரு பிள்ளைக்குப் பத்து கிராம் வைத்தாலும் ஒரு கிலோவுக்குள்தான் வரும். கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்துதான் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் அதை ஏற்கும். தேங்காயும் தாளிப்பு எண்ணெயும் அதற்கு உதவும்.

முருங்கைக்கு நாம் வெளியே போக வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பிகேஎம்-1 என்ற முருங்கை ரகம் 1989-லேயே வந்துவிட்டது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் செடி முருங்கை அது. நாலு செடி நட இடமில்லாத பள்ளி எங்கள் ஒன்றியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கைகழுவும் தொட்டித் தண்ணீர் வழிந்து ஓடும் பக்கமாக நட்டால், லீவு நாளைத் தவிர வேறு எப்போதும் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. பள்ளியில் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று ஏற்கனவே சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் கோடை விடுமுறையில் செடியை யார் பார்ப்பது என்பது அதில் இல்லை. அந்தப் பொறுப்பை மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு நாளாவது கூட்டாஞ்சோறு பட்டியலில் வரட்டும். மற்ற மாவட்டங்களில் அவரவர் ஊர்ப் பக்குவத்தில் காயும் கீரையும் பருப்பும் சேர்ந்த ஒரு சோற்றை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். காய்கறிக்கான தொகையை ஆண்டுக்கு ஒரு முறை நிர்ணயித்து அப்படியே விடாமல், சந்தை விலையைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள். உழவர் சந்தையிலிருந்தோ ஊரில் உள்ள மகளிர் குழுவிடமிருந்தோ நேரடியாக வாங்க அமைப்பாளருக்கு அனுமதி கொடுங்கள். காலியாக இருக்கும் சமையலர், உதவியாளர் இடங்களை நிரப்புங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை நிறைவேறாமல் முன்னால் சொன்ன எதுவும் நடக்காது.

முட்டை வந்தபோது இத்தனை லட்சம் பிள்ளைகளுக்குத் தினமும் எப்படி முடியும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒரேயடியாகச் செய்ய யோசனையாக இருந்தால், வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு ஒன்றியத்தில் ஆரம்பியுங்கள். ஆக்கிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் இருந்தே பத்துப் பெண்கள் வருவோம். அம்மியும் தேங்காய்த் துருவியும்கூட நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்,
தென்காசி மாவட்டம்.