கையெழுத்திட்ட நாளின் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

தொழிலை மூடிய கையோடு, எங்கெங்கே தவறினோம் என்று நீ எழுதி அனுப்பிய 11 காரணங்களையும் இரண்டு முறை படித்தேன். அவற்றில் 7 உன் பங்குதாரரைப் பற்றியவை, 3 சந்தையைப் பற்றியவை. உன்னைப் பற்றியது ஒன்றே ஒன்று; அதுவும் 'எல்லோரையும் நம்பிவிட்டேன்' என்கிறது. இதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்ததால்தான் இக்கடிதம்.

என் முதல் தொழில் நஷ்டத்தால் முடங்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. கடைசி மாதம் வரை கணக்கில் லாபம் இருந்தது. கையில்தான் ரொக்கம் இல்லை. கொள்முதல் செய்த சரக்குக்கு நான் 30 நாளில் பணம் கட்ட வேண்டும். விற்றதோ 90 நாள் கடனுக்கு, அதிலும் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளருக்கு. இடைப்பட்ட 60 நாளையும் கைப்பணத்தைப் போட்டு ஓட்டினேன். விற்பனை பெருகப் பெருக அந்தப் பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போயிற்று. அவருடைய நிலுவை இன்னும் இரண்டு மாதம் இழுத்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

ஆளை நம்பக் கூடாது என்பதே அப்போது நான் கற்றுக்கொண்ட பாடம். அடுத்த தொழிலில் யாருக்கும் ஒரு நாள் கடன்கூடக் கொடுக்கவில்லை. சொன்ன தேதியில் கட்டக்கூடியவர்கள்கூட ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அப்போதுதான் பழைய பேரேட்டை எடுத்து, அந்த வாடிக்கையாளருக்குப் பெரிய கடன் கொடுக்கச் சம்மதித்த நாளின் பக்கத்தைத் தேடினேன். கையிருப்பு, கட்ட வேண்டிய தொகை, வர வேண்டிய தொகை மூன்றும் என் கையெழுத்திலேயே அடுத்தடுத்து இருந்தன. கூட்டிப் பார்க்கத்தான் நான் மறந்திருந்தேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், தாமதமாகக் கட்டுகிறவர், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைத் தாங்க முடியாத அளவுக்கு ஒருவரிடமே சரக்கைக் குவித்தவள் நான்.

பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்காக 5,127 மாதிரிகள் செய்ததை எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கதை. பந்துச் சக்கரம் பொருத்திய தள்ளுவண்டியின் காப்புரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் நிறுவனத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தவர், பின்னர் அந்த நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். கூட்டே வேண்டாம் என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. அடுத்த கண்டுபிடிப்புக்கும் இன்னொருவரின் பணத்துணையோடுதான் இறங்கினார். தவறு எந்தத் தாளில் நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீ பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாரத்து மின்னஞ்சல்களையும் வங்கிக் கணக்கையும் தேடி எடுத்து வை. அவற்றைத் திறக்குமுன், அன்று உனக்கு என்னென்ன தெரியும் என்று நினைவிலிருந்து ஒரு தாளில் எழுது. பிறகு ஒப்பிட்டுப் பார். அடுத்த முறை பேசும்போது அந்த வாரத்திலிருந்தே தொடங்குவோம்.

அன்புடன்,
அம்மா