சித்திரைக்கு வராத மகனுக்கு

அன்பு மகன்,

நலம். நலமறிய ஆவல். போனில் பேசினால் "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இந்தச் சித்திரைக்கும் நுவரெலியா சீசனுக்கு விசேஷ ரயில் கோச்சி விட்டார்கள். நானுஓயா பிளாட்போர்மில் கால் வைக்க இடமில்லை. கதவுக்குக் கதவு பயல்கள் ஒரு கையில் போனோடு தொங்கிக்கொண்டு வந்தார்கள். நீ வரும்போது கதவில் நிற்காதே. முப்பத்திரண்டு வருஷம் பாதை வேலை செய்தவன் சொல்கிறேன், சுரங்கத்துச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தலை நீட்ட இடம் கிடையாது.

இந்தக் கூட்டம் புதிதல்ல. கோப்பிக்கு என்று தொடங்கிய பாதை, 1885-இல் நானுஓயா வந்து சேர்வதற்குள் கோப்பி செத்துத் தேயிலை வந்துவிட்டது. அதே பாதைதான் சித்திரை வெயிலில் கொழும்பில் வெந்துகொண்டிருந்த துரைமாருக்குக் குளிருக்கு வழியாகவும் ஆனது. 1903-இல் இங்கிருந்து நுவரெலியாவுக்குச் சின்னக் கோச்சியே விட்டார்கள். நம்முடையது ஐந்தரை அடிப் பாதை, அது இரண்டரை அடி. கந்தப்பளை தாண்டி இராகலை வரை போனது. 1940-களில் மூடிவிட்டார்கள். தாத்தா சின்ன வயதில் அதன் பின்னால் ஓடுவாராம். ஏற்றத்தில் ஓடியே பிடித்துவிடலாம் என்பார். தாத்தா சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும், உனக்குத் தெரியும்.

கடற்கரை ஆட்கள் மலை ஏற இத்தனை கோச்சி. நம் ஆட்களைக் கடலுக்குக் கொண்டுபோனதோ தலைமன்னார் கோச்சிதான். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அத்தையை இந்தியாவுக்கு என்று ஏற்றிய அன்று ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. நான் அவள் சீலைத் தலைப்பை விடவேயில்லை, விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். தாத்தா மட்டும் இறங்குதுறை வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்ததும், கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நான் பார்க்கல" என்றார்.

அதனால் உனக்குக் கடலோரத்தில் வேலை என்றதும் அப்பாவுக்குப் பெருமைதான். நீ டை கட்டிய போட்டோவை நான் காட்டாத ஆள் டீக்கடையில் இல்லை. மழை தொடங்கும்வரை பெந்தோட்டை, மே மாதம் பிறந்தால் பாசிக்குடா, சீசனுக்கு ஒரு கடல் என் மகனுக்கு என்று சொல்வேன். அம்மாவுக்குத்தான் பயம். 2004 டிசம்பர் 26 பெரலியவில் அலை அடித்த கோச்சியை அவள் இன்னும் மறக்கவில்லை. நத்தார் லீவும் பௌர்ணமிப் போயா லீவும் சேர்ந்ததால் பெட்டி நிறைய ஆள், ஆயிரத்துக்கு மேல் போய்விட்டார்கள். கடல் உள்வாங்கினால் நின்று பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. கோச்சியில் கதவில் நிற்காதே.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சித்திரைக்கும் அதையே சொன்னாய். மேல் லயத்துப் பையன் வந்து நாலு நாள் நின்றான். அவனும் உன் ஹோட்டல்தானே. நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்கப் போனாள், நான்தான் தடுத்தேன்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது காலிக்குப் போக ரயில்வேயின் இலவசப் பயண வாரண்ட் எடுத்தேனே, ஞாபகம் இருக்கும். அம்மா விடியமுன் எழும்பி ரொட்டி சுட்டாள், சம்பல் அரைத்தாள். நீ புதுச் செருப்பை மாட்டிக்கொண்டே தூங்கினாய். காலையில் நான், ஓவர்சியர் லீவு தரவில்லை என்றேன். அது பொய் மகன். அவர் மூன்று நாள் லீவு தந்திருந்தார். வழிச்செலவுக்கு வைத்திருந்த காசுதான் இல்லை. முந்தின இரவு தவறணையில் குடித்தே போய்விட்டது. நீ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, நாம் ஏற இருந்த கோச்சி வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் அந்த ஓவர்சியரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அவர் ஒருநாள் டொபி நீட்டினார், நீ வாங்கவில்லை. நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள். உனக்கும் தெரியுமோ என்னவோ.

நீ போனில் லீவு இல்லை என்று சொன்ன விதம் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

வருவதானால் உடரட்ட மெனிக்கேயில் ஏறு, பொடி மெனிக்கே கண்டி சுற்றி வரும். சீட்டைப் பிடித்து உட்கார்ந்து வா. வர முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம். ரிட்டயர் ஆன பிறகும் எனக்கு வாரண்ட் இருக்கிறது, இந்த வருஷத்தது மேசை லாச்சியில் கிடக்கிறது. அம்மா கேட்கச் சொன்னாள்: நீ இன்னும் பெந்தோட்டையில்தான் என்றால் அளுத்கமையில் இறங்க வேண்டுமா, பாசிக்குடாவுக்குப் போய்விட்டாய் என்றால் கல்குடாவா? அதை மட்டுமாவது தங்கச்சிக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா